நாற்காலியில் துணி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நலம் என்றால், உன் அத்தானுக்கு முழங்கால், எனக்குக் கண், குளியலறைக் குழாய்க்கு ஒழுக்கு. மூன்றுக்கும் ஆள் வைத்துப் பார்த்தோம். மூன்று பேருமே, "வயசாயிடுச்சு, மாத்திடுறது நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். குழாயை மட்டும் மாற்றினோம்.

இதையெல்லாம் போனில் சொல்லலாம். போனில் நீ "அப்புறம்" என்பாய், நானும் "அப்புறம்" என்பேன், அதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடும். அதனால் எழுதுகிறேன்.

அப்பா இருக்கும் முதியோர் இல்லத்தைப் பற்றி நீ அனுப்பிய மதிப்பீட்டுப் படிவத்தை அச்செடுத்துப் படித்தேன். நன்றாகத் தயாரித்திருக்கிறார்கள். வாசனைக்கு ஐந்துக்கு எவ்வளவு, ஊழியர் புன்னகைக்கு ஐந்துக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கட்டம் போட்டிருக்கிறது. மரியாதைக்கும் ஒரு கட்டம் உண்டு. என் கல்யாணத்துக்கு முன்னால் இப்படி ஒரு தாள் கிடைத்திருந்தால் உன் அத்தான் வீட்டுக்கும் எடுத்துப் போயிருப்பேன்.

கூடவே நீ அனுப்பிய ஏரிக்கரை இல்லத்தின் படங்களையும் பார்த்தேன். எல்லாக் கிழவர்களும் சிரிக்கிறார்கள். இத்தனை சிரிக்கிற கிழவர்களை ஒரே இடத்தில் எப்படித்தான் பிடித்தார்களோ. இந்த மாதக் கடைசிக்குள் அங்கே இடத்தை உறுதி செய்ய வேண்டும், அதற்கு முன் இப்போதைய இடத்தை நேரில் ஆராய்ந்து, அப்பாவை மாற்றலாமா வேண்டாமா என்று ஒரே வரியில் பதில் சொல் என்று கேட்டிருந்தாய். ஆராய்ந்தேன். ஒரு வரியில் அடங்கவில்லை. பொறுத்துக்கொள்.

புதன்கிழமை போனேன். நான் வழக்கமாகப் போவது ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை எந்த இல்லமும் நல்ல இல்லம்தான். பார்வையாளர்களை முன்ஹாலில் உட்கார வைத்து, அப்பாவைத் தலைசீவி அழைத்து வருவார்கள். கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்புவேன். அவர் வேலை பார்த்த காலத்தில் ஓட்டல்காரர்கள் அவருக்குப் "பின்வாசல்" என்று பெயர் வைத்திருந்தது உனக்கு நினைவிருக்கும். சுகாதார இன்ஸ்பெக்டர் என்றால் முன்வாசல் வழியே வந்து, மாலை போட்ட படத்தையும் கல்லாவையும் பார்த்துவிட்டுப் போகிறவர் என்று அவர்கள் நம்பியிருந்தார்கள். அப்பா சொல்லாமல் கொள்ளாமல் பின்பக்கம் போய்ப் பாத்திர மூடியைத் திறப்பார். நினைவு தப்பிய பிறகும் அந்தப் பழக்கம் மட்டும் தப்பவில்லை. விடியற்காலையில் அடுத்த தெரு ஓட்டலுக்குள் புகுந்து மூடியைத் திறந்து, திருடன் என்று அடி வாங்கி வந்தாரே, அந்த வாரம்தான் இங்கே சேர்த்தோம். எனவே நானும் மகள் என்ற முறையில் சொல்லாமல் போனேன்.

உள்ளே நுழைந்தபோது அப்பா தாழ்வாரத்தில் நின்றிருந்தார். முழுக்கைச் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, பையில் பேனா, கையில் ஒரு சின்ன டார்ச். என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த உன் படிவத்தைப் பார்த்தார். முகம் தெளிந்தது. "வந்துட்டீங்களா? அசிஸ்டென்ட் ஒருத்தர் வருவாங்கன்னு சொல்லியிருந்தாங்க. லேட்டுதான், பரவால்ல. எழுதத் தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன். அப்பா என்னை 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மரியாதைக் கட்டத்தில் ஐந்து போட்டுக்கொண்டேன்.

பின்னாலேயே இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் மேட்ரன் ஓடி வந்து என் காதில் சொன்னார். இது தினமும் நடப்பதாம். காலைச் சாப்பாடு முடிந்ததும் அப்பா இல்லம் முழுக்க ஆய்வு செய்வாராம். ஆரம்பத்தில் தடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தடுத்த நாளெல்லாம் கதவை உதைத்திருக்கிறார், சாப்பிட மறுத்திருக்கிறார். விட்டுப் பார்த்தார்கள். சாப்பிட்டார், தூங்கினார். அதிலிருந்து டார்ச்சுக்கு பாட்டரி மாற்றிக் கொடுப்பது மேட்ரனின் பொறுப்பு. "மாத்திரையவிட இது சல்லிசும்மா" என்றார்.

முதலில் சமையலறை. சமையல்காரர் தலையில் தொப்பி போட்டுக்கொண்டு கையைக் கட்டி நின்றார். அப்பா மேசையின் மேல்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. அடிவிளிம்பில் விரலால் தடவிப் பார்த்தார். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் டார்ச் அடித்தார். சூப் பானையின் மூடியைத் திருப்பி, அதன் உட்பக்க ஓரத்தை முகர்ந்தார். பிறகு என்னிடம், "அடுப்பு திருப்தி. கைதுடைக்கிற துணி இன்னிக்கு மாத்தல. எழுதிக்கோங்க" என்றார். சமையல்காரர் துணியை எடுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். நாங்கள் வெளியேறும்போது என்னிடம் தாழ்ந்த குரலில், "உங்க ஆபீசர் ரொம்பக் கறாருங்க. ஆனா தங்கமான மனுசன், ஒரு டீகூட வாங்கிக் குடிக்க மாட்டேங்கிறார்" என்றார்.

மேட்ரனைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். விஷயம் என்னவென்றால், சமையல்காரர் புதிதாக வந்தவர். அப்பாவை உண்மையான அரசாங்க அதிகாரி என்றே நம்புகிறார். அதிகாரி சாப்பாட்டு வேளையில் மற்றக் கிழவர்களோடு உட்கார்ந்து சூப் குடிப்பதைப் பார்த்து, சோதனைக்காகச் செய்கிறார் என்று மெச்சிக்கொள்கிறாராம். உண்மையை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நாளைக்கே கரப்பான் வந்துரும்மா. வேலை எப்பவும் பயத்துலதான் நடக்குது, உங்களுக்குத் தெரியாததா?" என்றார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இந்த இல்லத்தின் பானை சுத்தமாக இருப்பதற்குக் காரணம் நம் அப்பாவின் மறதி. உன் படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை. 'சுத்தம்' என்ற இடத்தில் நான்கு போட்டேன்.

அடுத்து அறைகள். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் அழைப்பு மணிக்கு ஒரு பொத்தான் வயரில் தொங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் முன்ஹாலைத் தாண்டாத எனக்கு இது தெரியாது. வயர் இருந்தது. அதைச் சுருட்டி, சுவரில் உயரத்தில் இருந்த ஆணியில் மாட்டியிருந்தார்கள். நின்றுகொண்டிருக்கும் எனக்கே எட்டவில்லை. படுத்திருப்பவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அப்பா ஸ்டூலில் ஏறினார். நான் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொன்றாக அவிழ்த்துத் தலையணை மேல் வைத்தார். கோபமே இல்லை. மேட்ரன் என்னிடம்தான் விளக்கினார். ராத்திரி வேலைக்கு ஒரே ஒரு பெண்தான். ஒருவர் மணி அடித்தால் எல்லோரும் அடிப்பார்கள். அடித்துவிட்டு எதற்கு அடித்தோம் என்பதை மறந்துவிடுவார்கள். அந்தப் பெண் அழுதுகொண்டே வேலையை விட்டுப் போய்விடும், பிறகு அந்த ஒருத்தியும் இருக்க மாட்டாள். எல்லாமே நியாயமாகத்தான் இருந்தது. அப்பா ஸ்டூலில் நின்றபடியே கேட்டுவிட்டு, "மணி வேணாம்னா கழட்டிடுங்க. வந்து பாக்கிறவனுக்காகச் சுவத்துல மாட்டி வைக்காதீங்க" என்றார். தினமும் அவர் அவிழ்ப்பாராம். தினமும் சாயங்காலம் சுருட்டி வைப்பார்களாம். இரண்டு பக்கமும் இதில் மனக்கசப்பு எதுவும் இல்லை.

கடைசி அறை அப்பாவுடையது. அவர் கதவைத் தட்டினார். பதில் வராததால் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, "பெரியவர் இல்ல போல. இருந்தாலும் பாத்துடுவோம்" என்று உள்ளே போனார். நானும் போனேன்.

படுக்கை விரிப்பைத் தொட்டுப் பார்த்தார், உலர்ந்திருந்தது. கொக்கியில் தொங்கிய சட்டையில் பொத்தான் வேறு நிற நூலால் தைக்கப்பட்டிருந்தது. "யாரோ அக்கறையா தச்சிருக்காங்க. நூல்தான் கிடைக்கல" என்றார். ஜன்னல் திண்டில் இருந்த படத்தை எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். நாம் இருவரும் பள்ளிக்கூடச் சீருடையில் நிற்கும் படம், நீ காது சிவக்க அழுதுவிட்டு நிற்பாயே, அது. "பிள்ளைங்க போல. பையன் அழுமூஞ்சி" என்றார். வைத்த இடத்திலேயே திருப்பி வைத்தார்.

பிறகு பார்வையாளர் நாற்காலியைப் பார்த்தார். அதன் மேல் துவைத்து மடித்த போர்வைகள் முதுகு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அதைத்தான் அதிக நேரம் பார்த்தார். "இதைக் கவனிச்சீங்களா? உக்கார ஆள் வர்ற நாற்காலியில யாரும் துணி வைக்க மாட்டாங்க. இவருக்கு யாரும் வர்றதில்ல. எழுதிக்கோங்க" என்றார்.

ஞாயிறு தவறாமல் வந்து முன்ஹாலில் உட்கார்கிறாள் ஒருத்தி என்று சொல்லியிருக்கலாம். அது அசிஸ்டென்ட் சொல்லும் விஷயம் இல்லை. எழுதிக்கொண்டேன்.

அந்த அறையின் மணியையும் ஸ்டூலில் ஏறி அவிழ்த்தார். சோதித்துப் பார்க்க வேண்டும் என்று பொத்தானை அமுக்கினார். யாரும் வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்துகொள்ளச் சொன்னார். பக்கத்தில் அவரும் உட்கார்ந்தார். வெளியே யாரோ வாளியை இழுக்கும் சத்தம். ஞாயிற்றுக்கிழமைகளிலும் நாங்கள் இப்படித்தான் உட்கார்ந்திருப்போம், ஆனால் அன்றைக்கு இருவருக்கும் வேலை இருந்தது.

கடைசியில் பகல் வேலைப் பெண் வந்தாள், கை ஈரத்தை உடையில் துடைத்துக்கொண்டே. கூப்பிட்டீர்களா என்று கேட்டாள். "நான் கூப்பிடலம்மா. இந்த ரூம் பெரியவர் கூப்பிட்டிருந்தா இவ்வளவு நேரம் காத்திருக்கணுமா? அவர் எங்க?" என்றார் அப்பா. அந்தப் பெண் அவரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. "வேலையா வெளிய போயிருக்கார் சார். வந்துருவார்" என்றாள்.

அப்பா தலையாட்டினார். அவள் போன பிறகு என்னிடம், "நீங்க என்ன நினைக்கிறீங்க? இவரை இங்கயே வச்சிருக்கலாமா, வேற இடத்துக்கு மாத்தச் சொல்லி எழுதலாமா?" என்று கேட்டார். நீ கேட்ட அதே கேள்வி. உன்னைவிட மரியாதையாகக் கேட்டார். படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் தேடினேன். "அவசரமில்ல. ஆளைப் பாத்துப் பேசிட்டு எழுதுங்க" என்றார். மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் போய் வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து உன் ஏரிக்கரை இல்லத்துக்குப் போன் செய்தேன். மேலாளர் நன்றாகப் பேசினார். சமையலறை தனிக் கட்டடமாம். தங்கியிருப்பவர்கள் யாரும் அந்தப் பக்கம் போக முடியாதபடி இரட்டைக் கதவும் பூட்டும் இருப்பதைப் பெருமையாகச் சொன்னார். அழைப்பு மணியைப் பற்றிக் கேட்டேன். ஒவ்வொருவர் கையிலும் கட்டிவிடுவார்களாம், எப்போது அடித்தாலும் ஆள் வருமாம். நம்புகிறேன். அங்கே அப்பாவுக்கு எது தேவைப்பட்டாலும் கிடைக்கும். டார்ச்சோடு அவர் போக ஓர் இடம் மட்டும் இருக்காது.

என் தீர்மானம், அவர் இங்கேயே இருக்கட்டும். இது நல்ல இடம் என்று எழுதிக் கொடுக்க என்னால் முடியாது. ராத்திரிக்கு இன்னோர் ஆள் போட வேண்டும் என்று மேட்ரனிடம் சொன்னேன். முதலாளியிடம் கேட்கிறேன் என்றார். மற்ற வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு வந்து கேட்பேன் என்றேன். அதன் பிறகுதான் உட்காரச் சொன்னார். உன் படிவத்தை அனுப்பவில்லை. பாதிக்கு மேல் அப்பா எழுதச் சொன்னதுதான் இருக்கிறது.

நேற்று ஞாயிறு. முன்ஹாலில் உட்காராமல் நேரே கடைசி அறைக்குப் போனேன். மணி தலையணை மேல் இருந்தது. மற்ற அறைகளில் பாதி தலையணையில், பாதி ஆணியில். அப்பா அறையில் இல்லை. போர்வைகளை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டிவிட்டு அப்பா வந்தார், டார்ச்சோடு. என்னைப் பார்த்தார். புதன்கிழமை அசிஸ்டென்ட் என்று தெரியவில்லை. வேறு யாரென்றும் தெரியவில்லை. நாற்காலியைப் பார்த்தார். "மன்னிக்கணும். விசிட்டர் இருக்கும்போது நாங்க தொந்தரவு பண்றதில்ல. நீங்க உக்காருங்க, பெரியவர் வந்துருவார்" என்று சொல்லி, சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார். தாழ்வாரத்தில் யாரிடமோ, "கடைசி ரூம்காரருக்கு ஆள் வந்திருக்கு" என்று சொல்வது கேட்டது. குரல் நன்றாக இருந்தது.

நான் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன். உன் அத்தான் போன் செய்தபோதுதான் எழுந்தேன்.

நீ ஒருமுறை வா. உனக்கு விடுமுறை கிடைக்காது, டிக்கெட் விலை, பிள்ளைகளின் பரீட்சை, எல்லாம் தெரியும். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வர வேண்டாம். சொல்லிவிட்டும் வர வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது. சட்டையை உள்ளே விட்டுக்கொள். தலைமை அலுவலகத்திலிருந்து வருகிறேன் என்று சொன்னால் எல்லாவற்றையும் தானே சுற்றிக் காட்டுவார். கடைசி அறையில் அந்தப் பெரியவரைப் பற்றி உன் கருத்தைக் கேட்பார். நான் சொல்லாததை நீ சொல்லு. அவர் எழுதிக்கொள்வார்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் மனைவியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். நீங்கள் எல்லோரும் குறையில்லாமல் இருக்க வேண்டும். அந்த அறைக்கு இன்னொரு நாற்காலி கேட்டிருக்கிறேன். மேட்ரன் தருவதாகச் சொன்னார். அதன் மேலும் துணி வைக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா