மணியண்ணன் படத்துக்கு மாலை

மார்ச் 2, ஞாயிறு

காலையிலிருந்தே மூட்டம். சந்தைக்கு எடுத்துப் போனவை: விற்க நான் எடுத்த புகைப்படங்கள், மேசை, கூடாரத் துணி, கிளிப், பிளாஸ்டிக் உறை. கயிற்றை மறந்தேன். காற்றில் படங்கள் இரண்டு முறை விழுந்தன.

ஈப்போ மக்கள் படத்தை வாங்காமல் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். இலவசம்தானே.

மணியண்ணன் படம்தான் நடுவில். தோட்டத்து லயத்து வீடுகள் இடிபட்ட அன்று எடுத்தது. நாற்காலியோடு வெளியே உட்கார்ந்திருக்கிறார், சட்டைப் பொத்தான் மாறிப் போட்டு. இப்போது சிம்பாங் பூலாயில் ஒரு தொழிற்சாலையில் ஜாகா, காவல் வேலை. தனி ஆள். விற்கலாமா என்று கேட்டபோது சிரித்தார். "வித்துக்கோ தங்கச்சி. என்னை யாரு வாங்குவா?"

மார்ச் 9, ஞாயிறு

நல்ல வெயில். பக்கத்தில் செடி விற்கும் லிம் ஆன்ட்டி எங்கிருந்தோ ஒரு சாமந்தி மாலை வாங்கி வந்திருந்தார். நான் டாய்லெட் போய் வருவதற்குள் அதை மணியண்ணன் படத்துக்குப் போட்டுவிட்டார். "சாந்தேக் லா!" அழகாம்.

படத்துக்கு மாலை என்றால் நம் ஆட்களுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். கழற்றத்தான் போனேன். அதற்குள் கூட்டம் நின்றது, இரண்டு படம் விற்றுப் போனது. அப்படியே விட்டேன். என் புத்தி.

பதினொரு மணிக்கு ஒரு அக்கா, கையில் காய்கறிப் பை. படத்தைப் பார்த்தார். பை கீழே விழுந்தது.

"அண்ணே! எப்பப் போன? ஒருத்தரும் சொல்லலையே!"

மார்பில் அடித்துக்கொண்டு அழுகை. சந்தையே திரும்பிப் பார்த்தது. மணியண்ணனின் கூடப் பிறந்த தங்கையாம், பாரிட் புந்தார்க்காரர். மகளைப் பார்க்க வந்தாராம்.

"அக்கா, அண்ணன் உயிரோட நல்லா இருக்காரு. மாலை தெரியாம போட்டது." மூன்று முறை சொன்னேன்.

அழுகை நின்றது. முகத்தைத் துடைத்தார். "இருக்காரா?"

"இருக்காரு கா. சிம்பாங் பூலாய்ல..."

கையைக் காட்டி நிறுத்தினார். "அம்மாவுக்குக் கொள்ளி வைக்கக்கூட வரல. பத்து வருசமாச்சு. இருந்தா இருக்கட்டும்."

போய்விட்டார். உருண்டு போன தக்காளிகளைப் பொறுக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். ஆள் இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

மழை. நான் வேலை பார்க்கும் கிளினிக் கவுண்டரில் இரண்டு பேருக்கு மருந்துச் சீட்டு மாற்றிக் கொடுத்து, டாக்டரிடம் திட்டு.

அண்ணன் இறந்தார் என்றால் அந்த அக்கா அப்படி அழுகிறார். இருக்கிறார் என்றால் விலாசம்கூட வேண்டாம். அவரைக் குறை சொல்ல நான் யார்? மாலையைக் கழற்றாதவள்.

மணியண்ணனுக்குச் சொல்லாமல் இருந்துவிடலாம். வேறு யார் வாயிலாவது கேட்டால் இன்னும் கேவலம்.

மார்ச் 13, வியாழன்

போனேன். பழம் வாங்கிப் போகலாம் என்று நினைத்து வெறுங்கையோடு போய் நின்றேன். காவல் கூண்டில் ரொட்டியைக் கோப்பியில் நனைத்துக்கொண்டிருந்தார்.

மாலைக் கதையைக் கேட்டு முதலில் சிரிப்பு. "பரவால்ல, செத்த பிறகு போட ஆள் இருக்காது. இப்பவே போட்டாச்சு."

தங்கை என்றதும் ரொட்டியைக் கீழே வைத்தார்.

"அழுதாளா?"

"அழுதாங்க அண்ணே."

"நல்லாவா?"

"சந்தையே பாத்துச்சு."

தலையாட்டினார், ரொம்ப நேரம். அம்மா சாவுக்கு ஏன் போகவில்லை என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். குடித்துவிட்டு விழுந்து கிடந்தாராம். போக முகமில்லையாம்.

பிறகு மெதுவாக, "என் நம்பர் கேட்டாளா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "கேட்டாங்க அண்ணே. குடுத்தேன்."

கைப்பேசியை எடுத்துச் சட்டையில் துடைத்தார். சத்தத்தை எப்படிக் கூட்டுவது என்று கேட்டார். கூட்டிக் கொடுத்தேன். நான் ஒரு பாவி.

மார்ச் 16, ஞாயிறு

மூட்டம். சந்தைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று லிம் ஆன்ட்டியிடம் சொல்லிவிட்டேன்.

காலை ஏழுக்கு மணியண்ணன் போன்.

"தங்கச்சி, அவகிட்ட என் நம்பர என்னன்னு குடுத்த? ஒருவாட்டி சொல்லு."

சொன்னேன். ஒவ்வொரு எண்ணாகக் கூடவே சொல்லி வந்தார்.

"சரியாத்தான் லா இருக்கு," என்றார்.