சுவருக்கு அந்தப் பக்கம் பஸ் நிற்கிறது

ஜூன் 9, திங்கள்

ஆறு மணிக்கே வெயில். மாடித் தொட்டித் தண்ணீர் குளிக்கும்போதே சுடுகிறது.

செய்ய வேண்டியவை: ஸ்கூட்டி பின்சக்கரத்துக்குக் காற்று. ஹரிணிக்கு ரெக்கார்டு நோட்டு இரண்டு. கேஸ் புக் பண்ண. பல் டாக்டர் (மறுபடியும் தள்ளிப்போட்டாச்சு).

ஹரிணி ப்ளஸ் ஒன் போக ஆரம்பித்து ஒரு வாரம். பள்ளி முகப்பேரில், வீடு வெள்ளானூரில். வேன் எங்கள் லேஅவுட்டுக்குள் வராது, மெயின் ரோட்டில் 6.20க்கு நிற்கும். அந்த இடம் வரைக்கும் ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட வேண்டியது நான். பின்னால் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள், என் முதுகில் தலை.

குடும்ப வாட்ஸ்அப்பில் தங்கை சுதாவின் போட்டோ. மரத்தடி நடைபாதை, கையில் கீரைக்கட்டு. கீழே: "பால், கீரை, மாவு, மருந்து எல்லாம் முடிச்சு 25 நிமிஷத்துல வீட்டுக்கு வந்தாச்சு. வண்டியே எடுக்கல!" நான் ஒரு கட்டைவிரல் போட்டேன். வயிறு எரிந்தது. இங்கேயாவது உண்மையை எழுத வேண்டாமா.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரே மாசத்தில் இரண்டு பேரும் வீடு தேடினோம். அவள் முகப்பேரில் பழைய ஃபிளாட், இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நான் இங்கே தனி வீடு, பின்னால் முருங்கை, வாழை. "புறாக்கூண்டுல போய் மாட்டிக்கிட்டியேடி" என்று எல்லார் முன்னாலும் சிரித்தேன். அவள் என் தட்டில் இன்னொரு வடை வைத்தாள். அவள் எப்போதும் அப்படித்தான். சண்டைக்கே வர மாட்டாள்.

ஜூன் 11, புதன்

புழுக்கம். மழை வருகிற மாதிரி காட்டிவிட்டுப் போய்விட்டது.

இன்று ஸ்கூட்டி எடுத்த தடவைகள்: வேன். ஆபீஸ் (அம்பத்தூர் எஸ்டேட், போக, வர). சாயங்காலம் மறுபடி வேன். கொத்தமல்லி மறந்து கடை. ஹரிணிக்கு ஜெராக்ஸ். அந்தக் கடை மூடியிருந்ததால் அடுத்த கடை. இடுப்பு கழன்றுவிட்டது.

சாப்பிடும்போது ஹரிணி, தட்டைப் பார்த்தபடியே:

"அம்மா, ரெண்டு வருஷம் சித்தி வீட்ல இருந்து படிக்கட்டுமா? சித்தி ஓகே சொல்லிட்டாங்க."

சித்தி ஓகே சொல்லிட்டாங்களாம். என்னைக் கேட்பதற்கு முன்னால் அவளைக் கேட்டாயிற்று.

இவர் மோரை ஊற்றிக்கொண்டே, "நல்ல யோசனைதானே, பிள்ளை கொஞ்சம் தூங்கவாவது தூங்கும்" என்கிறார். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே கழுவினதாக இவர் பிறகு சொன்னார்.

ஜூன் 14, சனி

சுதா வீடு. மே மாசத்திலிருந்தே ஹரிணிக்குச் சனிக்கிழமை அங்கே கெமிஸ்ட்ரி டியூஷன். ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் இவரோடு திரும்புவாள்.

சுதாவோடு கடைக்கு நடந்தேன். குறை கண்டுபிடிக்கவே போனேன். கிடைத்தவை: நடைபாதையில் ஒரு பைக். மெட்ரோ வேலைக்குத் தகரம் அடைத்து ஒரு தெரு முழுக்கத் தூசி. ஒரு நாய், அதுவும் தூங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். தையல்கடை, லைப்ரரி, மாவு மில், பஸ் ஸ்டாப், ஹரிணியின் பள்ளி, எல்லாம் ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் போய்விடலாம். தூசியைக் காட்டி, "எப்படிடி இதுல இருக்க?" என்றேன். "மெட்ரோ வந்துட்டா சரியாயிடும்க்கா" என்றாள். அது வேறு வரப்போகிறது இவளுக்கு.

பூக்காரம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள்: "இன்னாம்மா, நீதான் ஹரிணியோட அம்மாவா? மூஞ்சி அப்டியே கீது. சனிக்கெயமையானா கரீட்டா அஞ்சரைக்கு இந்தாண்ட வரும். நின்னு நாலு வார்த்தை பேசிகினுதான் போவும். தங்கமான புள்ள."

என் பெண் ஒரு பூக்காரம்மாவிடம் நின்று பேசுவாள் என்று எனக்கே தெரியாது. எங்கள் தெருவில் அவள் யாரிடமும் பேசி நான் பார்த்ததில்லை. ஸ்கூட்டியை விட்டு இறங்கினால்தானே பேச.

திரும்பும்போது அம்பத்தூரைத் தாண்டவே முக்கால் மணி, லாரிகளுக்கு நடுவில். ஹெல்மெட்டுக்குள் அழுதேன். பொறாமைதான், வேறென்ன. கூடப் பிறந்தவளைப் பார்த்து.

ஜூன் 16, திங்கள்

சண்டை. காலை ஆறு மணிக்கே, ஸ்கூட்டியை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போது.

"அங்க போனா அப்படி என்னடி கிடைச்சுடும்? இங்க உனக்குத் தனி ரூம் இல்லையா?"

"ரூம் இருக்கும்மா. ரூமை விட்டு வெளிய போகணும்னா உன்னைக் கேக்கணும். ஒரு பேனா வாங்கணும்னாகூட உன் மூஞ்சியைப் பாக்கணும், டயர்டா இருக்கியா, கோவமா இருக்கியான்னு. அங்க செருப்பை மாட்டினா போதும்."

ஸ்கூட்டியை ஸ்டாண்டில் நிறுத்தினேன். கடைசியில் வாயில் வந்தது: "வாராவாரம் உன்னைக் கொண்டு விட்டுக் கூட்டிட்டு வர்றது யாரு? அப்பாவுக்கு ஷிஃப்ட் மாறுது. என்னால சுத்தமா முடியாது." அது ஒன்றுதான் காரணம் என்கிற மாதிரி அழுத்திச் சொன்னேன்.

சரி என்று தலையாட்டி வேனில் ஏறிவிட்டாள். எதிர்த்துப் பேசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

காரணம் அதுவா? சுதாவுக்கு நல்ல தெரு, நல்ல கடை, மெட்ரோ. எல்லாம் இருக்கட்டும். என் பெண்ணும் அவளுக்கா?

ஜூன் 18, புதன்

தூறல், பத்து நிமிஷம்.

ஒரு யோசனை. எங்கள் தெருக் கடைசியில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சுவர். சுவருக்குப் பின்னால் எத்திராஜ் அண்ணனின் காலி நிலம். அதைத் தாண்டினால் ஊர் ரோடு, நாலு கடை, ஆவடி மினி பஸ் நிற்கிற இடம். ஹாரன் சமையலறை வரை கேட்கும். சுவர் இல்லாவிட்டால் மூன்று நிமிஷ நடை. இப்போது சுற்றிப் போனால் இரண்டு கிலோமீட்டர். சுவரில் ஒரு வழி விட்டால் ஹரிணி தானே கடைக்குப் போவாள், தானே பஸ் பிடிப்பாள். யாரையும் கேட்க வேண்டாம். பிறகு எதற்குச் சித்தி வீடு?

எத்திராஜ் அண்ணன் இந்த ஊர்க்காரர். அந்த நிலத்தில் முன்பு நெல் போட்ட குடும்பம், இப்போது தண்ணீர் லாரி வைத்திருக்கிறார். போய்க் கேட்டேன். லாரி டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இன்னாமா, மறந்துட்டியா? அந்த பஸ்ஸு மொதல்ல உங்க தெருவுக்குள்ளதான் வர்றதா இருந்துச்சு. நீங்கதான் வாணாம்னு மனு குடுத்தீங்க. அப்பால செவுரு எயுப்பினீங்க."

மறக்கவில்லை. மறந்த மாதிரி இருந்தேன், இந்த நோட்டில்கூட. அந்த மனுவை எழுதியதே நான்தான். குடியிருப்போர் சங்கத்தில் என் கையெழுத்துதான் முத்து முத்தாக இருக்கும் என்று என்னிடம் கொடுத்தார்கள். கண்ட ஆட்களும் வந்து போவார்கள், புழுதி, திருட்டு பயம், குழந்தைகளுக்குப் பாதுகாப்பு இல்லை. பஸ் வருகிற தெரு என்றால் வண்டி வாங்க வக்கில்லாதவர்கள் தெரு என்று ஒரு நினைப்பு வேறு. அதை மட்டும் எழுதவில்லை. ஹரிணிக்கு அப்போது பன்னிரண்டு வயது.

"திருட்டு பயம்னு எங்களப் பாத்துதான எய்தினீங்க?"

"ஆமாண்ணே. நான்தான் எழுதினேன். தப்புதான்."

அடுத்த டயரையும் தட்டிப் பார்த்தார். பிறகு: "வயி வுடறேன். ஆனா கேட்டு, கதவு ஒண்ணும் வெக்கக்கூடாது. வெச்சா பூட்டிக்குவீங்க. எங்க ஊட்டு பொம்பளைங்களும் அந்த வயியாதான் ரேஷன் கடைக்குப் போவாங்க, வருவாங்க. சம்மதமா, கேட்டுகினு வா."

ஜூன் 22, ஞாயிறு

சாயங்காலம் சங்கக் கூட்டம், தலைவர் வீட்டு கார் ஷெட்டில். மிக்சர், டீ.

"மாடு வந்துடும்." "மாடு இப்பவும்தான் வருது." "கதவு வெச்சு, வீட்டுக்கு ஒரு சாவி குடுத்துடலாமே?" "அவர்தான் கதவே கூடாதுங்கறாரே சார்." "அவர் யாரு நமக்குச் சொல்ல?" "நிலம் அவரோடது சார்."

எழுந்து நின்று, "அன்னிக்கு மனு எழுதினவளே சொல்றேன், அது தப்பு" என்றேன். யாரோ மிக்சர் தட்டை அடுத்தவரிடம் நகர்த்தினார். ஆறாம் நம்பர் ரேவதிதான் காப்பாற்றினாள். "எங்க வீட்டு வேலைக்கார அம்மா சுத்திக்கிட்டு வர்றதாலதான் தினம் ஒன்பது மணி ஆகுது. வழி இருந்தா ஏழரைக்கே வந்துடுவாங்க." அதற்குப் பிறகு எதிர்ப்பே இல்லை. ஐந்து நிமிஷத்தில் தீர்மானம்.

தலைவர், "பொதுக் காரியத்துல மேடத்துக்கு எவ்வளவு அக்கறை!" என்று கை தட்டவைத்தார். பொதுக் காரியமாம். சுதாவை ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

ஜூன் 28, சனி

வெயில். சுவர் இடித்தாச்சு. எத்திராஜ் அண்ணன் கடப்பாரையோடு வந்தார், இவரும் ஒரு கை. இரண்டு பேர் சேர்ந்து நடக்கிற அகலம். பைக் நுழையாமலிருக்க நடுவில் ஒரு கல். இடித்த அரை மணியில் இரண்டு அம்மாக்கள் ரேஷன் பையோடு அந்த வழியே வந்து, எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நானும் ஒருமுறை நடந்தேன். வீட்டு வாசலிலிருந்து பஸ் நிற்கிற இடம், மூன்று நிமிஷம் இருபது வினாடி. மறுபடி நடந்தேன். கால் வீசி நடந்து எத்தனை நாளாகிறது.

குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டோ போட்டேன்: "எங்க வீட்ல இருந்து பஸ் ஸ்டாப் மூணே நிமிஷம்!" சுதா உடனே போன். "அக்கா, நீயா இதெல்லாம் பண்ண? பெருமையா இருக்குக்கா." குரலில் பொய் இல்லை. அதுவும் எரிந்தது.

ஜூன் 30, திங்கள்

மேகமூட்டம். காற்று குளிர்ச்சி.

நேற்றுச் சாயங்காலம் ஹரிணி முகப்பேரிலிருந்து தானே வந்தாள். ஆவடியில் பஸ் மாறி, சுவர் வழியாக நுழைந்து, "அம்மா!" என்று தெருவிலிருந்தே கத்திக்கொண்டு. வியர்வை, சிரிப்பு. என்னைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. எத்தனை மாசமாயிற்று. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

சாப்பிட்டுவிட்டுப் பையில் துணி அடுக்கினாள். யூனிஃபார்ம் மூன்று, போர்வை, டேபிள் லேம்ப்.

"என்னடி இது?"

"தினமும் ரெண்டு பஸ்னா ஒன்றரை மணி நேரம்மா, முடியாது. வாரத்துக்கு ஒரு தடவைன்னா ஈஸி. வெள்ளிக்கிழமை நானே வந்துடுவேன், திங்கக்கிழமை நானே போய்க்குவேன். நீ கொண்டு விடவே வேணாம்." போர்வையைப் பைக்குள் அமுக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். "அதுக்குத்தானேம்மா சுவரை இடிச்ச? நான் போகட்டும்னுதானே?"

ஆமாம் என்றேன்.

காலை 6.50 பஸ்ஸில் போனாள். லேம்ப் பையில் அடங்கவில்லை, கையில் பிடித்துக்கொண்டாள்.