பத்துக் கல்லுக்குப் பதினொன்று

மச்சான்,

நேற்று மருமகனின் புதுக் காரில் நாவற்குடாவுக்குப் போனேன். முன்னால் ஒரு சின்னத் திரை. அதில் பதினெட்டு என்று நீலமாக எரிந்தது.

"ஒரு லீற்றருக்குப் பதினெட்டுக் கிலோமீற்றர், மாமா. பாத்தீங்களா?" என்றார் மருமகன்.

கார் நின்றதும் நான் இறங்கி, நான்கு டயரையும் குனிந்து பார்த்தேன்.

"என்ன மாமா, காத்துக் குறைஞ்சிட்டா?"

"இல்ல மருமகன். சும்மா பாத்தன்."

அவருக்குச் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். இந்த வருடம்தான் எழுத்துப் படித்தேன். மேலே 'மச்சான்' என்று எழுதியதை நானே வாசித்தும் பார்த்தேன். வாசிக்க முடிகிறது! நீ இருந்திருந்தால், "ஆருக்கிட்டக் குடுத்து எழுதின?" என்று கேட்டிருப்பாய். சந்தேகப்படாதே. கை என்னுடையது. ஒரு வரிக்கு ஒருதரம் விரலை நீட்டி மடக்குகிறேன், அவ்வளவுதான்.

கடல் சுனாமியாக ஊருக்குள் வந்துபோன அடுத்த வருடம் நாம் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய கார் ஞாபகம் இருக்கிறதா? ஜப்பானில் யாரோ ஓடிவிட்டு விட்ட கார். ஒரு நாள் நான் வாடகை ஹயருக்கு எடுப்பேன், மறுநாள் நீ. அதன் திரை முழுக்க ஜப்பான் எழுத்து. இலக்கம் மட்டும் எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் ஓட்டிக் காட்டினாலே லைசன்ஸ் கிடைத்ததால் எழுத்து எனக்குத் தேவைப்படவில்லை. காத்தான்குடியில் பள்ளிக்கூடம் போன நீயும் அந்தத் திரைக்கு முன்னால் என்னைப் போலவே விழித்ததில் எனக்கு இருந்த சந்தோசத்தை இப்போதும் மறைக்கமாட்டேன்.

அந்த இலக்கம் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்று காட்டுவது என்பதை வாகனம் திருத்துகிற கராச்சிக்காரர்தான் சொன்னார். பதின்மூன்று காட்டும், கிட்டத்தட்டப் பதின்மூன்றுதான் ஓடும். நாங்கள் அதை நம்பப் பழகிவிட்டோம்.

நாட்டுச் சண்டையின் கடைசி வருடத்தில்தான் அது மாறியது. டயர் தேய்ந்து கம்பி தெரிந்தது. புது டயர் வாங்க வழியில்லை. ஒருநாள் காலையில் நீ கொண்டுவந்து விட்ட காரில் நல்ல டயர் நான்கு பூட்டியிருந்தது.

"எங்கால மச்சான்?"

"கிடைச்சிது."

எதைக் கேட்டாலும் நாலு கதை சொல்லுகிறவன் நீ. அன்று ஒரு சொல்லோடு சாவியைத் தந்துவிட்டு நடந்தாய்.

அன்றிலிருந்து திரையில் இலக்கம் ஏறியது. பதினாலரை. ஆனால் பெற்றோல் சிவப்பு விளக்கு அந்தக் கணக்குக்கு முந்தியே எரிந்தது. திரை சொல்கிற தூரத்துக்கும் தாங்கியில் கிடக்கிற பெற்றோலுக்கும் இடையில் ஏதோ களவு போய்க்கொண்டிருந்தது.

என் மனைவியின் தமையன் வாசலில் இருந்துகொண்டு சொன்னார்: "அவன்ட நாளிலதான் குறையுது. குழாய் போட்டு உறிஞ்ச எவ்வளவு நேரம்? அங்கால ஆக்கள நம்பி வாகனம் வாங்கினாய்தானே, இரி." உன் வீட்டில் உன் மச்சினன் என்னைப் பற்றி இதே கதையைச் சொன்னதை நீ பிறகு சொன்னாய். உங்கள் ஆட்கள் தெருவில் இருந்து எங்கள் ஆட்களும், எங்கள் தெருவில் இருந்து உங்கள் ஆட்களும் இருட்டுமுன் வெளிக்கிட்டுவிடுகிற காலம் அது. பெற்றோல் இல்லாவிட்டாலும் வேறு எதையாவது சொல்லியிருப்பார்கள். ஆனால் பெற்றோல் உண்மையாகவே குறைந்தது. அதுதான் பொல்லாத விசயம். நான் உன்னிடமிருந்து சாவியை வாங்கும்போது பெற்றோல் வாசம் வருகிறதா என்று உன் கையை மணந்து பார்க்கவேண்டும் போல இருந்தது. நீயும் குழாய் கிடக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் காரை எடுத்தாய்.

சண்டை முடிந்து, சோதனைச் சாவடி வரிசையில் நிற்காமல் பாதை நீளத்துக்கு ஓடலாம் என்று ஆனதும் நீதான் கேட்டாய்.

"மச்சான், உனக்கு என்னில சந்தேகமா?"

"உனக்கு என்னில?"

"ஓம்," என்றாய். அந்த ஒரு சொல்லுக்காகவே உன்னை அன்று எனக்குப் பிடித்துக்கொண்டது.

கழுத்துமட்டும் பெற்றோல் நிரப்பினோம். பாசிக்குடாவுக்குப் போய்த் திரும்பி, அதே பெற்றோல் செட்டில், அதே பம்பில், கார் அதே இடத்தில் நிற்க மறுபடி நிரப்புவது என்று பேச்சு. "காட்டுறத நம்பாத, ஊத்துறத நம்பு" என்று நீ சொன்னாய். பம்புக்காரன் மேலும் உனக்கு ஒரு கண் இருந்தது.

ஓட்டியது நீ. ஏறாவூரைத் தாண்டியதும் எனக்கு வேலை இல்லை. தெருவோரக் கிலோமீற்றர் கல்லை எண்ணிக்கொண்டு வந்தேன். கிரான் பக்கம் இரண்டு பக்கமும் வயல் வட்டை வெறுமையாகக் கிடந்தது. பத்தாவது கல்லில், தூரம் எத்தனை கூடியிருக்கிறது என்று மீற்றரைப் பார்த்தேன். பதினொன்று.

"நிப்பாட்டு."

"என்ன, மூத்திரமா?"

"கல்லு பத்து. உன்ட கார் பதினொண்டு எண்டுது."

நீ சிரித்தாய். நான் பிழையாக எண்ணிவிட்டேன் என்று சொல்லிப் பின்னால் திருப்பினாய். மறுபடி பத்துக் கல். மறுபடி பதினொன்று. நீ காரை ஓரம் கட்டினாய். இறங்கி முன் டயருக்குப் பக்கத்தில் குந்தினாய். எழும்பவேயில்லை.

"டயர் சின்னன், மச்சான்," என்றாய். "சின்னச் சக்கரம் கூடச் சுத்துது. கார் சுத்தைத்தான் எண்ணுது, ரோட்டை எண்ணல்ல. ஓடாத தூரத்தை ஓடினதாக் காட்டுது."

பெற்றோலை யாரும் எடுக்கவில்லை. எனக்குத் துள்ள வேண்டும் போல இருந்தது. உன் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டேன்.

"தம்பிட டயர்," என்றாய்.

கடல் உன் தம்பியைக் கொண்டுபோனது எனக்குத் தெரியும். அவனுடைய காரைத் தெருவில் கண்டெடுத்து உங்கள் வளவில் தறப்பாளால் மூடி வைத்திருந்ததும் தெரியும். யாரும் அதைத் தொடுவதில்லை.

"இப்ப அது கட்டையில நிக்குது. உம்மா தறப்பாளத் தூக்கிப் பாக்கிறல்ல. அதால அவவுக்குத் தெரியா. எப்பிடிச் சொல்லுற? உனக்குச் சொன்னா உன்ட வாயில இருந்து எங்கயும் போயிரும் எண்டு பயந்தன்."

"கழட்டுவமா?"

நீ டயரில் கையை வைத்தபடியே இருந்தாய். "அவன் அஞ்சு வரிசமா ஒரு இடத்தில நிண்டவன் மச்சான். இப்பதான் ஓடுறான். பத்துக்குப் பதினொண்டு எண்டா, அந்த ஒண்டு அவன்ட ஓட்டம் எண்டு வெச்சுக்கொள்ளன்."

திரும்பி வந்து நிரப்பினோம். கல் கணக்கில் பார்த்தால் பழைய பதின்மூன்றுக்குக் கொஞ்சம் கீழே வந்தது. மிச்ச வித்தியாசம் ஏன் என்று கேட்டேன். "அது அந்தத் திரைப் பெட்டிட சொந்தப் பொய்," என்றாய். இரண்டு வீட்டிலும் டயர் சின்னது என்று மட்டும் சொன்னோம். யாருடையது என்று சொல்லவில்லை. என் மனைவியின் தமையன் நம்பவில்லை. நம்பாமலே போய்ச் சேர்ந்தார்.

டயர் தேயும்வரை திரை எது காட்டினாலும் நாம் கழித்துக்கொண்டே ஓடினோம். உன் உம்மா போனபிறகுதான் நீ அந்தத் தறப்பாளை எடுத்தாய். நீ போய் இப்போது மூன்று நோன்பு கடந்துவிட்டது. உன் வாசலில் இருந்து இதை எவருக்காவது வாசித்துக் காட்டுவேன் என்று நினைக்காதே. இது இந்த மேசையைத் தாண்டாது. அன்று என் வாயை நம்பாமல் போனாய் அல்லவா, பார்த்துக்கொள்.

மருமகனின் டயர் புதிது, அளவு சரி, அதையும் பார்த்துவிட்டேன். அவர் பதினெட்டு என்று ஒவ்வொரு நாளும் பெருமைப்படுகிறார். நான் வாய்க்குள் பதினாறு என்கிறேன். கழித்த இரண்டில் ஒன்று உன் தம்பிக்கு. மற்றது உனக்கு. ஓடுங்கள்.