உதட்டுக் கொப்புளத்துக்கும் அதே மருந்து

மாப்ள,

உதட்டோரம் ஒரு கொப்புளம். இன்று காலை ஜெயங்கொண்டத்தில் மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண் சின்னக் களிம்பு ஒன்றை எடுத்து வைத்தார். அசைக்ளோவிர் என்று போட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் உனக்கு டிரிப்ஸில் ஏற்றிய மருந்தின் பெயர்.

"இது மூளைக்காய்ச்சல் மருந்தாச்சேம்மா?"

"இதுக்கும் அதாங்க. ஹெர்பிஸ்னு ஒரு வைரஸ். நெறைய பேரு உடம்புல சும்மா கெடக்கும், எப்பவாவது இப்படிக் கொப்புளமா வரும், போயிடும். ரொம்ப அபூர்வமா மூளைக்கு ஏறிடும். அக்கி, சின்னம்மைக்கும் இதே மருந்து குடுப்பாங்க. ஃப்ளூவுக்கு வேற, கல்லீரல் வைரஸுக்கு வேற."

இவ்வளவு சாதாரணமானதா உன்னைக் கொண்டுபோனது?

என் தங்கையைக் கட்டிய பிறகும் நமக்குள் வாடா போடாதான். கிளினிக்கில் கொடுத்த ஆன்டிபயாடிக்கைப் போட்டுக்கொண்டு, காய்ச்சலோடு மீன்சுருட்டியில் நம் டிராக்டர் பட்டறைக்கு வந்தாய். ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு, "மச்சான், இதுக்கு என்ன பேரு?" என்றாய். நீ கேலிக்காரன், சிரித்தேன். அடுத்த நிமிடம் என்னை என் அப்பா பெயரால் கூப்பிட்டாய். அப்புறம் வலிப்பு.

பட்டறைக்கு ஓடிவந்த உன் அம்மா சிறுவாச்சூர் கோயிலுக்குத் தூக்கச் சொன்னார்கள். "மொதல்ல ஆஸ்பத்திரி, அப்பறம் சாமி, அத்தை" என்று தங்கை வண்டியில் ஏறிவிட்டாள்.

"ஆன்டிபயாடிக் வைரஸை ஒண்ணும் பண்ணாதுங்க" என்றார் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர், டிரிப்ஸைக் காட்டி. "வைரஸ் தன்னை மாதிரியே இன்னொண்ணை உண்டாக்கித்தான் பரவும். இந்த மருந்து அதை உண்டாக்க விடாது. ஆனா ஏற்கனவே கெட்டுப்போனதை இதால திருப்பித் தர முடியாது."

சில நாள் கழித்துக் கண் திறந்தாய். தங்கையின் பெயரைச் சரியாகச் சொன்னாய். அன்றுதான் அவள் நிம்மதியாகச் சாப்பிடப் போனாள். வருவதற்குள் நீ இல்லை. கையைக்கூடத் துடைக்காமல் நின்றாள்.

போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சலில் பேச்சு குழறியது. போட்டது போட்டபடி வண்டியை எடுத்தேன். "என்னன்னு பாக்கணும். ஆனா நேரத்தோட கொண்டாந்துட்டீங்க" என்றார் டாக்டர்.

வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்தேன். நீ ஸ்பேனரின் பெயர் கேட்டதும் நான் சிரித்ததும்தான் நினைவுக்கு வந்தது, மாப்ள.