சந்தைச் சாக்கடையில் சிமெண்ட் சாக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முதுகுவலி தேவலையா? நான் நன்றாகப் படிக்கிறேன். போனில் பேசினால் சித்தப்பா பக்கத்திலேயே நிற்கிறார். அதனால் எல்லோரும் தூங்கியபின் எழுதுகிறேன்.

பழைய சந்தையை ஒட்டித் திறந்தவெளி வணிக வளாகம் கட்டுகிறார்கள். அந்த வேலை தொடங்கியதிலிருந்து சந்தையில் நம் கடைப் பக்கச் சாக்கடை மட்டும் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. நாற்றத்தில் யாரும் வாங்க வருவதில்லை. நேற்று அங்கே வழுக்கி விழுந்தேன். அடியில்லை, சிரிப்புத்தான் வந்தது. நிமிர்ந்தால், வளாகத்து மேஸ்திரியும் சித்தப்பாவும் சாக்கடைக்குள் சிமெண்ட் சாக்கைத் திணித்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்பம்மா வந்தே? அடைப்பு எடுக்கிறோம்," என்றார் சித்தப்பா. ஒருநாளும் இல்லாமல் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார்.

வியாபாரமில்லை, கடையை விட்டுவிடலாம் என்று அவர் கேட்டால் சம்மதிக்காதீர்கள். இங்கே குளிர்கிறது. என் போர்வையை யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம், நீங்களே எடுத்து வாருங்கள். சித்தப்பா இருமுகிறார், விளக்கை அணைக்கிறேன்.

உங்கள் மகள்