மதில் பக்கம் சாய்ந்த புங்கமரம்

அக்கா,

இன்று காலை பூங்கா வாசலில் பச்சை மரம் அறுத்த வாடை. போன வாரப் புயலில் விழுந்த கொன்றையைத் துண்டுபோட்டு லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நடக்கப் போனவள் வாசலோடு திரும்பிவிட்டேன். நீங்கள் இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டியதை, நீங்கள் போய் இரண்டு வருடம் கழித்துக் காகிதத்தில் எழுதுகிறேன்.

நீங்கள் இருந்தபோது வந்த அந்தப் பெரும்புயலில் ஏரி நிரம்பி நம் தெருவில் முழங்கால் தண்ணீர். வடிந்ததும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இருவரும் பூங்காவுக்குப் போனோம். ஏழு மரங்கள் வேரோடு கிடந்தன. நடை முடித்து நாம் உட்காரும் பெஞ்சுக்கு நிழல் தந்த புங்கமரம் மட்டும் விழாமல், என் வீட்டு மதில் பக்கம் சாய்ந்து நின்றது. குனிந்து வேரைத் தொட்டுப் பார்த்தீர்கள்.

"பாதி வேர் மண்ணுலதான் இருக்கு. கிளையைக் கழிச்சு, நிமிர்த்தி முட்டுக் கொடுத்தா பொழைச்சுக்கும். ரெண்டு நாள் டைம் குடு, ஆள் கூட்டிட்டு வரேன்" என்றீர்கள். சரி என்றேன்.

குடியிருப்போர் சங்கத்துக்கு அப்போது நான்தான் செயலாளர். எதை வெட்டுவது, எதை விடுவது என்று என்னிடம்தான் கேட்பார்கள். மறுநாள் ஞாயிறு. நீங்கள் சர்ச் ஆராதனைக்குப் போயிருந்த நேரத்தில் மரம் வெட்டும் ஆட்களோடு மேஸ்திரி வந்து, "இத்த இன்னா பண்றது மேடம்?" என்றார். சாய்ந்த மரம் மதிலையும் புதிதாகக் கட்டிய போர்ட்டிகோவையும் உடைத்துவிடுமோ என்று பயந்தேன். பயம் மட்டும்தான் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிவந்தேன். முழு உண்மை அதில்லை. மாசி பிறந்தால் மொட்டைமாடியில் கொட்டும் சருகைப் பெருக்கிப் பெருக்கி அந்த மரமே எனக்குச் சலித்திருந்தது. வெட்டிவிடச் சொன்னேன்.

நீங்கள் வந்தபோது அடிக்கட்டைதான் இருந்தது. தோளில் பைபிள் பையோடு மேஸ்திரியை நிறுத்திவைத்து, யாரைக் கேட்டு வெட்டினாய் என்று திட்டினீர்கள். அதுவரை யாரையும் நீங்கள் கடிந்து பேசி நான் பார்த்ததில்லை. அவர் என்னைப் பார்த்தார். கீழே கிடந்த கிளைகளை நான் பார்த்தேன். தப்பாகிவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் கயிற்றைச் சுருட்டப் போனார். வீடு வரைக்கும் நீங்கள்தான் எனக்கு ஆறுதல் சொன்னீர்கள்.

"நீ என்ன பண்ணுவ, உன்னைக் கேக்காமலே வெட்டிட்டாங்க."

தையில் கூடுவாஞ்சேரி நர்சரியிலிருந்து மின்ரயிலில், மடியில் வைத்துக் கன்றுகள் கொண்டுவந்தீர்கள். நானும் குழி தோண்டினேன், தண்ணீர் ஊற்றினேன். சொல்லிவிடலாம் என்று பலமுறை வாயெடுத்தேன். பிறகு உங்களுக்கு நோய் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு கன்றுகளைப் பற்றித்தான் விசாரித்தீர்கள். எல்லாம் துளிர்த்திருக்கிறது என்றேன். மற்றதை அன்றும் சொல்லவில்லை.

இன்று லாரியோடு வந்திருந்தவர் அதே மேஸ்திரி. அவரைப் பார்த்துத்தான் வாசலோடு திரும்பினேன். வீட்டில் இருப்புக் கொள்ளாமல் பத்து மணிக்கு மறுபடி போனேன். "அன்னைக்கு உங்களைத் திட்டு வாங்க விட்டுட்டு வாய்மூடி நின்னேன், மன்னிச்சிடுங்க" என்று மேஸ்திரியிடம் சொன்னேன்.

அவர் கை மண்ணைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "வுடுங்க மேடம். அந்தம்மா மறுநாளே எங்க ஷெட்டாண்ட வந்துச்சு. கோவத்துல பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதப்பான்னு சொல்லிட்டுப் போச்சு. எனக்குத்தான் சங்கடமாப் பூட்ச்சு."

இது எனக்குத் தெரியாது, அக்கா. நான் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை நீங்கள் போய்க் கேட்டிருக்கிறீர்கள்.

சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் இதைச் சொல்லப்போகிறேன். தெருவில் கொஞ்ச நாள் பேசுவார்கள், பேசட்டும். ஆனால் நீங்கள் என்னை நம்பியபடியே போய்விட்டீர்கள். அந்த நம்பிக்கையை எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.