சிவப்பு நூல் கட்டிய வயர்

ட்ரெனோவோ
8 நவம்பர் 1998

என் தோஷோவுக்கு,

நீ பட்டாளத்தில் இருந்தபோது கடிதம் எழுதியது. அதற்குப் பிறகு இப்போதுதான் பேனாவைத் தொடுகிறேன். அன்றைக்கு என் எழுத்தைப் பார்த்து, கோழி நடந்த மாதிரி இருக்கிறது என்று சிரித்தாய். இப்போது சிரிக்காதே, தொண்டையில் போட்ட தையல் பிரிந்துவிடும்.

பேருந்து ஓட்டுகிற கிரில் இதைக் கொண்டுவந்து தருவான், உறைமேல் தோதர் என்று உன் முழுப்பெயரை எழுதியிருக்கிறேன். கூடவே ஒரு பாட்டில் மோரும் இருக்கும். திடமாக எதையும் உனக்குக் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னாள், அதனால் ரொட்டி வைக்கவில்லை. வைக்காமல் கட்டியது எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

முட்டைக்கோஸைப் பீப்பாயில் போட்டு உப்புநீர் ஊற்றிவிட்டேன். மிளகாய்ச் சரங்களை வாசலில் தொங்கவிட்டிருக்கிறேன். வேலி ஓரத்துத் திராட்சைக் கொடியை மண்ணால் மூட வேண்டும், அதற்கு உன் தம்பி பெட்கோவைக் கூப்பிட்டேன். வந்தான். வேலையைவிட வாய்தான் அதிகம். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணி, இந்த மாஸ்க்விச்ச வித்துத் தொலைங்க. வருஷத்துல ஒரு நாள் ஓடுற காருக்கு வருஷம் பூரா காவலா? என் குதிரையப் பாருங்க, புல்லு போட்டா போதும்" என்றான். "உன் குதிரை என்னைக்காவது ஹாரன் அடிச்சிருக்கா?" என்று கேட்டேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொடிப் பக்கம் போய்விட்டான்.

ஆனால் தோஷோ, பனி வரப்போகிறது. ஒவ்வொரு வருடமும் நீ பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவருவாய். இந்த வருடம் யார் செய்வது? எப்படி என்று எழுது, நான் செய்கிறேன். நான்காம் வகுப்பு படித்தவளுக்குப் புரிகிற மாதிரி எழுது.

உன்
வெலிகா


ப்ளோவ்திவ், ஆஸ்பத்திரி
15 நவம்பர் 1998

வெலே,

மோர் கிடைத்தது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் பாதியைக் குடித்துவிட்டான். குரல் இன்னும் வரவில்லை. வரும் என்கிறார் டாக்டர். அதுவரை இந்தப் பென்சில்தான் என் நாக்கு. உனக்கு நிம்மதிதானே, வீட்டில் சத்தம் போட ஆள் இல்லை.

பேட்டரி விஷயம். பழைய கோட்டைப் போட்டுக்கொள், அமிலம் பட்டால் துணி ஓட்டையாகும். சிவப்பு நூல் இல்லாத வயரை முதலில் கழற்று. அதற்குப் பிறகு சிவப்பு நூல் கட்டியதை. கனமாக இருக்கும், பெட்கோவைத் தூக்கச் சொல். சமையலறையில் வைக்காதே, அடுப்புப் பொறி ஆகாது. முட்டைக்கோஸ் அறையில் பலகை போட்டு அதன்மேல் வை. குளிர்ந்திருக்கலாம், உறையக் கூடாது.

மாதம் ஒரு தடவை சார்ஜரில் போடு. மூடிகளைத் திற, ஜன்னலையும் திற. உள்ளே தகடுகள் தண்ணீருக்கு அடியில் இருக்க வேண்டும். குறைந்தால் மருந்துக் கடையில் விற்கிற சுத்தத் தண்ணீரை ஊற்று. கிணற்றுத் தண்ணீர் கூடாது. சூப்பும் கூடாது, உன்னை எனக்குத் தெரியும். மூடிகளுக்கு அடியில் இருக்கிற எல்லாக் குழியிலும் நன்றாகக் கொதிக்கிற மாதிரி சத்தம் வந்தால் நிறைந்துவிட்டது. நிறுத்திவிடு.

திரும்ப மாட்டும்போது தலைகீழ். சிவப்பு நூல் வயர் பேட்டரியில் கூட்டல் குறி போட்ட பக்கம், அது முதலில். மற்றது கடைசியில். மாற்றிப் போட்டால் எரிந்துவிடும், அந்தக் காருக்கு இனிமேல் பொருள் கிடைக்காது. வயர் இரண்டும் பழசாகிக் கறுத்துப்போயின, அதனால்தான் அந்த நூல். அதை மட்டும் பார், வேறு எதையும் நீ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்று கேட்கிறேன். என் பெயர் நாள், குதிரைத் திருவிழாவான தோதர் நாளன்று ஊர்க் குதிரைகள் நம் வாசலுக்கு வந்து என் ஹாரனுக்காக நிற்கும். நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கார் கிளம்ப வேண்டும். ஹாரன் அடிக்க வேண்டும். எனக்குக் குரல் இல்லை, அதற்காவது இருக்கட்டும்.

தோதர்


ட்ரெனோவோ
6 டிசம்பர் 1998

என் தோஷோ,

"நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும்" என்று எழுதியிருக்கிறாய். உன்னை அடிக்க ஆள் இல்லாமல் போயிற்று. அடுத்த கடிதத்தில் அப்படி எழுதினால் மோர் வராது.

பேட்டரி இப்போது முட்டைக்கோஸ் பீப்பாய்க்குப் பக்கத்தில் பலகைமேல் உட்கார்ந்திருக்கிறது. நீ சொன்ன வரிசையில்தான் கழற்றினேன். சிவப்பு நூலைப் பார்த்ததும் நம் பழைய குதிரை ஞாபகம் வந்தது. அதை விற்று இந்தக் காரை வாங்கிக்கொண்டு வந்தாயே, ஊரே சிரித்தது. குதிரையைக் கொடுக்கும் முன்பு அதன் பிடரியிலிருந்து அந்தக் கம்பளி நூலை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டாய். நான் பார்த்ததை நீ பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாய்.

நேற்று சார்ஜரில் போட்டேன். முதலில் ஒரு சத்தமும் இல்லை. கெடுத்துவிட்டேன் என்று பயந்தேன். பின்னலை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்திலேயே உட்கார்ந்தேன். சாயங்காலம் மெதுவாகக் கொதிக்க ஆரம்பித்தது. தூங்குகிறவன் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. ஜன்னல் திறந்திருந்ததால் சால்வையைச் சுற்றிக்கொண்டு இருந்தேன். பெட்கோ வந்து பார்த்துவிட்டு, "அண்ணன அங்க அனுப்பிட்டு இங்க பேட்டரியோட குடித்தனம் நடத்துறீங்களா அண்ணி?" என்றான். "இது உன்னை மாதிரி குடிச்சிட்டு வரலை" என்றேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு பீன்ஸும் பூசணி ரொட்டியும் செய்வேன். பூசணியை நன்றாக மசித்துச் செய்கிறேன், உன் தொண்டைக்கு இறங்கும். உன் தட்டு உன் இடத்தில் இருக்கும். வந்துவிடு.

உன்
வெலிகா


ட்ரெனோவோ
30 ஜனவரி 1999

தோஷோ,

இதை யாரிடம் கொடுத்து அனுப்புவது என்று தெரியவில்லை. போன வாரம் கிரில் பேருந்தை நிறுத்தி, பழக்கத்தில் "கடுதாசி இருக்கா அக்கா?" என்று கேட்டுவிட்டான். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு அழுதான். நான்தான் அவனைச் சமாதானம் செய்தேன்.

கிறிஸ்துமஸுக்கு நீ வந்தாய். கிரிலின் பேருந்தில் இல்லை, பெட்டியில் வந்தாய். தட்டை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன்.

முந்தாநாள் நீ போய் நாற்பதாம் நாள். கோதுமை வேகவைத்துச் சர்க்கரையும் வால்நட்டும் போட்டு ஊருக்குக் கொடுத்தோம். கல்லறையில் ஒயின் ஊற்றினேன். பனி அதைக் குடித்துவிட்டது. உன் பெயரைப் பாதிரியார் படித்தபோது, யாரோ வேறு தோதர் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

நீ வந்த அன்றே ஸ்தானா அத்தை வீடு முழுக்கச் சுற்றி வந்தாள். துக்க வீட்டில் சிவப்பு இருந்தால் இறந்தவன் கண்ணை உறுத்தும் என்றாள். சிவப்பு விரிப்பைச் சுருட்டினாள். வாசலில் தொங்கிய மிளகாய்ச் சரங்களைக்கூட இறக்கினாள். "வேற எங்கயாச்சும் இருக்காடி? யோசிச்சுச் சொல்லு, அவன் நிம்மதியாப் போகட்டும்" என்று கேட்டாள். நான் யோசித்தேன். கொட்டகைக்குப் போய் வயரிலிருந்த நூலை அவிழ்த்துக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தேன். உன் கண்ணை ஒன்றும் உறுத்தக் கூடாது என்றுதான் செய்தேன். அவள் அதை அடுப்பில் போட்டாள். கம்பளி கருகிய நாற்றம் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது.

பேட்டரியை மறக்கவில்லை. இந்த மாதமும் சார்ஜரில் போட்டேன். தண்ணீர் குறைந்திருந்தது, மருந்துக் கடைத் தண்ணீர்தான் ஊற்றினேன். கொதித்தது. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தோதர் நாளன்று உன் கார் கிளம்பும். பெட்கோவிடம் சொல்லிவிட்டேன், அவன்தான் ஓட்டுவான். ஹாரனை நான் அடிப்பேன்.

வெலிகா


ட்ரெனோவோ
28 பிப்ரவரி 1999

என் தோஷோ,

நேற்று உன் பெயர் நாள்.

காலையிலேயே பெட்கோ வந்தான். முகம் மழித்து, குடிக்காமல் வந்தான். இரண்டு பேரும் பேட்டரியைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோனோம். நான் உன் பழைய கோட்டைப் போட்டிருந்தேன். காரைத் துடைத்து வைத்திருந்தேன், கண்ணாடி பளபளத்தது. பெட்கோ பேட்டரியை அதன் இடத்தில் இறக்கிவிட்டு, "இப்ப எது முதல்ல அண்ணி?" என்றான். "சிவப்பு நூல் கட்டினது" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு வயரும் கறுப்பாகத் தொங்கின. ஒரே தடிமன், ஒரே அழுக்கு. கையில் எடுத்துப் பார்த்தேன். நூல் கட்டிய தடமாவது இருக்குமென்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினேன். அதுவும் இல்லை. உன் கடிதத்தை எடுத்து வந்து மறுபடி படித்தேன். பேட்டரியில் எந்தப் பக்கம் என்று எழுதியிருக்கிறாய். எந்த வயர் என்பதற்கு நூலைத்தான் எழுதியிருக்கிறாய்.

"நான் குதிரைக்காரன் அண்ணி. குதிரைன்னா எது முன்னாடி எது பின்னாடின்னு தெரியும். இதுல எனக்கு என்ன தெரியும்? ஒண்ண மாட்டிப் பாப்போம், பாதிக்குப் பாதி" என்றான் பெட்கோ.

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். மாற்றிப் போட்டால் எரிந்துவிடும் என்று நீ எழுதியிருந்தாய். ஏற்கெனவே ஒன்றை எரித்தாயிற்று. "வேணாம்" என்றேன்.

அதற்குள் குதிரைகள் வந்துவிட்டன. ஊர்க்காரர்கள் எல்லாக் குதிரைக்கும் பிடரி பின்னி, சிவப்புக் கம்பளி கட்டி, மணி போட்டிருந்தார்கள். ஒவ்வொரு வருடமும் போலவே நம் வாசலில் வந்து நின்றார்கள். உன் ஹாரனுக்குக் காத்து நின்றார்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள். குதிரைகளுக்குத்தான் பொறுமை இல்லை, காலால் பனியைக் கிளறின. கொட்டகை வாசலில் உன் கோட்டோடு நின்றேன். தோஷோ, அவ்வளவு பேர் நிற்கிற இடத்தில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. கடைசியில் "போங்கப்பா, குதிரைங்களுக்குக் குளிரும்" என்றேன். போனார்கள்.

பெட்கோ போகவில்லை. வேலியில் கட்டியிருந்த தன் குதிரையிடம் போனான். அந்தப் பிடரியைப் பின்ன அவனுக்கு விடியற்காலை முழுக்க ஆகியிருக்கும். அதிலிருந்து ஒரு நூலை அவிழ்த்து என் கையில் வைத்தான்.

"இந்தாங்க, கட்டுங்க. அத்தை கேட்டா நான் குடுத்தேன்னு சொல்லுங்க. ஆனா எதுல அண்ணி?"

எனக்கு அழுகை வந்தது. அவனுக்கும் வந்தது. உன் தம்பி அழுது இதுவரை நான் பார்த்ததில்லை, உன்னைப் புதைக்கும்போதுகூட அவன் பெட்டியை இறக்குகிற கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதட்டிக்கொண்டுதான் இருந்தான்.

பேட்டரியைத் திரும்ப உள்ளே கொண்டுவந்துவிட்டோம். இரவு இன்னும் உறைகிறது. முட்டைக்கோஸ் பீப்பாய்க்குப் பக்கத்தில் அதன் பலகையில் இருக்கிறது. முழுக்க நிறைந்திருக்கிறது, நீ சொன்ன மாதிரியே, ஒரு குறையும் இல்லை.

டவுனிலிருந்து ஒரு மெக்கானிக்கை நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறான் பெட்கோ. வயர் எங்கே போய் முடிகிறது என்று குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடுமாம், ஒரு நிமிட வேலையாம். இருக்கட்டும். அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பேன், அவன் சொல்கிறபடி மாட்டுவேன், ஹாரனும் அடிப்பேன்.

நூல் இப்போது மேசைமேல் இந்தத் தாளுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. நீ போன பிறகு இந்த வீட்டுக்குள் வந்த முதல் சிவப்பு. உன் கண்ணை உறுத்தினால் மன்னித்துக்கொள்.

அந்த மெக்கானிக் வாயால் எனக்கு இது தெரிய வேண்டாம். அவன் வருவதற்கு முன்னால் நீ சொல்லிவிடு, தோஷோ. எந்த வயரில் கட்டட்டும்?